அத்தையின் தாடை

எங்கள் வீட்டில் படம் வரையத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது எவ்வளவு பெரிய தண்டனை என்பது எனக்குப் பன்னிரண்டு வயதில், அப்பாவின் அக்கா இறந்தபோது தெரிந்தது.

புக்கிட் செலம்பாவ் ஊர்ப்பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, தாயில்லாத தம்பிகள் இருவரையும் ஆளாக்கியவர் அத்தை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது போனைத் தூக்கிப் பிடித்தால் தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். பதினாறாம் நாள் படையலில் வைக்க ஒரு படம் தேடியபோது, ஐசி என்கிற அடையாள அட்டையில் இருந்த கட்டைவிரல் நகமளவு முகம்தான் கிடைத்தது. டவுன் கடையில் அதைப் பெரிதாக்கினால் வெறும் புகைமூட்டமாக வந்தது.

ஆகவே பென்சில் என் கைக்கு வந்தது. அகன்ற தாடை, தடித்த புருவம், மேடான நெற்றி என்று அத்தையை உள்ளது உள்ளபடி வரைந்தேன். சித்தி எட்டிப் பார்த்தார்.

"ஆம்பள மூஞ்சி மாதிரில்ல இருக்கு. மீச வச்சா ஒங்கப்பா லா."

சித்தப்பா உடனே போனில் ஒரு காணொளியைத் தேடி எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆணுக்குத் தாடை சதுரம், பெண்ணுக்குக் கூர்மை; ஆணுக்குப் புருவம் கண்ணை ஒட்டி இருக்கும், பெண்ணுக்கு உயர்ந்து வளையும் என்று அதில் ஒருவன் பாடம் நடத்தினான். அத்தை கையால் சோறு தின்று வளர்ந்த சித்தப்பா, முன்பின் தெரியாத அவனை அப்படியே நம்பினார். தாடையை அழிக்கச் சொன்னார், அழித்தேன். புருவத்தை மெல்லிசாக்கச் சொன்னார், ஆக்கினேன். சித்தி தன் பங்குக்கு உதட்டைப் பெரிதாக்கச் சொல்லி, அத்தை ஒருநாளும் போடாத மூக்குத்தியையும் போட வைத்தார். அழித்து அழித்துத் தாள் நைந்தது. எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஜவுளிக்கடை காலண்டரில் சிரிக்கிற யாரோ ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ரொம்ப அழகு என்றார்கள் இருவரும்.

படையலுக்கு முந்தின சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து படத்தைக் கையில் எடுத்தார்.

"நாளைக்கு அக்கா சாப்புட வரும். இங்க வேற யாரோ ஒக்காந்திருக்கறதப் பாத்துட்டுத் திரும்பிப் போயிரும்."

சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனார். திரும்பி வந்தபோது மீசை இல்லை. அப்பாவை நான் மீசை இல்லாமல் பார்த்ததே கிடையாது. அத்தையின் தலைத்துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு விளக்குக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப என்னயப் பாத்து வரை."

மறுபடியும் முதலிலிருந்தா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முணுமுணுத்துக்கொண்டே வரைந்தேன். திருத்தம் சொல்ல என் தோளுக்குப் பின்னால் வந்து நின்ற சித்தப்பா, தாடையை முடிப்பதற்குள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் அந்தப் படத்தின் முன்னால்தான் இலை விரித்தோம்.

அதன்பிறகு மீசை வளர்கிறவரைக்கும் அப்பா தினமும் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார். மீசை போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். சீக்கிரம் வளர்ந்துவிடும் என்று அவருக்கு ஆறுதல்கூடச் சொன்னேன்.