மாசி மாதத்து அட்டை

நடக்கும்போது பேச்சு வர வேண்டும், பேச்சு அறுந்தால் நின்றுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது. தினமும் காலையில் எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து ஃபேக்டரி கேட் வரைக்கும் நடக்கிறேன். பேசிக்கொண்டே நட என்றவர், யாரோடு பேசுவது என்று சொல்லவில்லை. நான் பேச வேண்டியவள் கோவில்பட்டிக்குப் போய்விட்டாள்.

பீர்மேட்டுத் தேயிலைக் காட்டில் இருபத்திரண்டு வருஷம் அவள் எனக்குப் பக்கத்து நிரை. கை கொழுந்து கிள்ளும், வாய் வம்பளக்கும். மாமியார்களைப் பற்றி நாங்கள் பேசியதை அந்தச் செடிகள் வெளியே சொல்லியிருந்தால் இரண்டு குடும்பம் பிரிந்திருக்கும்.

மூச்சு வாங்கத் தொடங்கியபோது அவளிடம்கூட நான் சொல்லவில்லை. தெரிந்தால் மலை வேலையிலிருந்து இறக்கிவிடுவார்கள். வீம்பும் எனக்குக் கொஞ்சம் அதிகம். ஏற்றத்தில் நெஞ்சு அடைக்கும்போதெல்லாம் "அட்டை கடிக்கு" என்று குனிந்து காலைத் தடவிக்கொண்டு நிற்பேன். மழைக்காலம் முழுக்க அந்தப் பொய் ஓடியது. மாசியில் மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது, மருந்துக்குக்கூட ஒரு அட்டை இல்லை. நான் பழக்கதோஷத்தில் குனிந்துவிட்டேன்.

அவள் கொழுந்துப் பையை இறக்கி வைத்தாள்.

"ஏட்டி, இந்த வெயில்ல அட்டை எங்க இருந்து வந்துச்சு? நிமிரு. உதடு ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

அன்றைக்கே என்னை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். பிறகு என்னைக் கீழே கிரஷில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் போட்டார்கள். காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று இரண்டு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உயிரைக் காப்பாற்றியவளை முறைத்துக்கொண்டு திரிந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அது நடந்து சில வருஷம் கழித்து, போன மாசி முடிவில் அவளுக்கு வேலை ஓய்வு. மகன் வீட்டுக்குப் போகிறாள் என்று ஆனதும், ஒரே ஒருமுறை அவளோடு மேல்காட்டுக்கு ஏறி எங்கள் நிரையில் நிற்க வேண்டும் என்ற ஏக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை. டாக்டரைக் கேட்டேன். நின்று நின்று போ என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். முதல் வளைவுவரை நான்தான் பேசினேன். இரண்டாவது வளைவில் பாதிப் பேச்சு அறுந்தது. அந்த நேரம் பார்த்து, விறகுக்கட்டோடு நாலு பெண்கள் எதிரே இறங்கி வந்தார்கள். ஒரு காலத்தில் என் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவர்கள். அவர்கள் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதா? வாயை இறுக்கிக்கொண்டு காலை எடுத்து வைத்தேன். நெஞ்சு இடித்தது.

"இரு, இரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்தாள். "அட்டை கடிக்கு."

நாலு பேரும் அவள் காலைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

"மாசியிலயா அக்கா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"எனக்குன்னு ஒண்ணு பொறந்திருக்கு. நீ சோலியப் பாத்துப் போ."

அவர்கள் போன பிறகும் அவள் நிமிரவில்லை. என் மூச்சு திரும்பும்வரை வெறுங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மேல்காடு போய்ச் சேர்வதற்குள் அவளை ஏழு முறை அட்டை கடித்தது. எங்கள் நிரையில் நின்று இரண்டு பேரும் அழுதோம்.

இப்போது கேட் ஏற்றத்தில் பேச்சு அறுந்தால் நான் குனிவதில்லை. நடு ரோட்டில் நிமிர்ந்து நிற்கிறேன். யாராவது கேட்டால், நெஞ்சுக் கோளாறு, மூச்சு வாங்குது என்று சொல்லிவிடுகிறேன். வெட்கம் போய்விட்டது. அவள் பக்கத்தில் இல்லாத குறைதான் போகமாட்டேன் என்கிறது.

போன வாரம் போனில் இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"இங்க அட்டையே கெடையாது, ஏட்டி" என்றாள். "ஆனாலும் ரயில் பாலத்து ஏத்தத்துல போனா, பாதியில நானா நின்னுருதேன்."