தண்ணீர் குடிக்கப் போன பொம்மை

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டை அச்சு அசலாக ஒரு செல்போன் விளையாட்டுக்குள் கட்டினேன். மண்ணூரில் இருந்த நிஜ வீட்டின் சமையலறைக்குக் கதவு வைக்கலாமா வேண்டாமா என்று அப்பா இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார். நான் ஒரே மத்தியானத்தில் முழு வீட்டையும் முடித்துவிட்டேன். அந்தப் பெருமையில் நாலு நாள் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

போன் என்னுடையதல்ல, மாடி அறையில் வாடகைக்கு இருந்த அக்காவுடையது. அக்கா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, அப்பாவின் தங்கையான என் அத்தை வேலை பார்த்த கம்பெனியிலேயே ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தாள். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கற்றை கற்றையாகக் கட்டும் கம்பெனி அது. ஒரு மேசைக்கு எட்டுப் பெண்கள். அவர்கள் மேசையில் அத்தைதான் மூத்தவள், அக்கா கடைசியாக வந்தவள். நான் பள்ளிவிட்டு வரும்போது இருவரும் முதல் ஷிப்டு முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். புத்தகப் பையை எறிந்துவிட்டு நேராகப் போனுக்குக் கையை நீட்டுவேன்.

விளையாட்டு எளிதுதான். கட்டம் கட்டமாக ஒரு வீடு, அதற்குள் ஒரு குட்டிப் பொம்மை. அது ஐந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுபோய்க் குறித்த இடங்களில் சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. பெட்டி மூலையில் மாட்டினால் அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. பொம்மை எத்தனை அடி நடந்தது என்று மேலே எண் ஓடும். யார் வேண்டுமானாலும் ஒரு லெவல் கட்டிப் பொதுவில் விடலாம். முகம் தெரியாதவர்கள் எல்லாம் வந்து ஆடிவிட்டு, 'சமையல் ரூம் பெட்டியை முதல்ல தொடாதீங்க', 'தொட்டாத்தான் வழி கிடைக்கும்' என்று கீழே சண்டை போட்டுக்கொள்வார்கள். ஒருவர் ஆடியதை மற்றவர்கள் ஓடவிட்டுப் பார்க்கவும் முடியும்.

என் வீட்டை நான் தொண்ணூற்றைந்து அடியில் முடித்திருந்தேன். அதற்குக் கீழே உலகத்தில் ஒருவராலும் முடியாது என்று எழுதியும் வைத்தேன். மறுநாளே படத்துக்குப் பதில் ஒரு மீனை வைத்திருந்த மலேசியாக்காரர் ஒருவர் எழுபத்தைந்தில் முடித்துவிட்டு, 'பாப்பா, வீடு ரொம்ப அழகு' என்று எழுதிவிட்டுப் போனார். அந்தப் 'பாப்பா'தான் எனக்குத் தாங்கவில்லை. அழுதேன்.

அதுவரை அந்தப் போனைத் திரும்பிப் பார்க்காத அத்தை, அழுகைச் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தவள், "இன்னாடி இது, ஒரு பெட்டிய வெச்சிட்டு அவன் சும்மாவே நடந்து வரான்? கை சும்மா திரும்பக் கூடாதுன்னு எங்க கம்பெனி செவுத்துலயே எழுதி மாட்டிகீறாங்க" என்றாள். டீ ஆறிப்போனது. அக்காவும் கூடச் சேர்ந்தாள். போகும்போது ஒன்றைத் தள்ளு, திரும்பும்போது வழியில் இருப்பதைத் தள்ளு என்று இருவரும் பிய்த்துப் பிய்த்துக் கட்டினார்கள். மூன்றாம் நாள் ஐம்பத்தேழு அடியில் வந்து நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஆனால் அத்தை அதைப் போட விடவில்லை. எழுபத்து மூன்றில் முடித்துப் போடச் சொன்னாள். அதற்கு வழியும் அவளே காட்டினாள். பொம்மை நடுவில் ஒருமுறை சமையலறைக்குள் ஓரடி வைத்துவிட்டுத் திரும்பினால் இரண்டு அடி கூடும். அப்படி எட்டு முறை போய்வர வேண்டும்.

"எதுக்கு அத்தை அங்க போவுது?"

"தண்ணி குடிச்சிட்டு வரட்டும். இருக்கறதெல்லாம் ஒரே நாள்ல காட்டிட்டா, நாளைக்கு இன்னா காட்டுவே? அவன் இன்னும் கொற, இன்னும் கொறன்னுதான் கேப்பான்."

மீன்காரர் எழுபத்தொன்று போட்டார். நாங்கள் அறுபத்தொன்பது போட்டோம். அவர் அறுபத்தேழு. நாங்கள் அறுபத்தைந்து. ஒவ்வொரு முறையும் பொம்மை தண்ணீர் குடிக்கப் போவது மட்டும் குறைந்துகொண்டே வந்தது. கையில் ஐம்பத்தேழை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய சித்திரவதையாக இருந்தது. ஆனாலும் அத்தனை சந்தோஷமான மாலைகள் அதற்குப் பிறகு எனக்கு அமையவில்லை என்றுதான் சொல்வேன்.

அதே வாரங்களில் கம்பெனியில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்க ஒரு இளம் என்ஜினியர் மேசை மேசையாக நின்று வேலையை அளக்கிறார், தொண்ணூறு செகண்டுக்குள் ஒரு கற்றை முடிந்தால் அந்த மேசைக்கு ஏழு பேர் போதும் என்று சொல்லிவிடுவார், கடைசியாக வந்தவளை அனுப்பிவிடுவார்கள் என்று அத்தையும் அக்காவும் டீயோடு பேசிக்கொள்வார்கள். எல்லாம் என் காதில் விழுந்ததுதான். என் கவலையெல்லாம் மீன்காரர்மேல் இருந்ததால் மண்டையில் ஏறவில்லை.

அப்போதுதான் கம்பெனியில் குடும்ப நாள் வந்தது. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்களை உள்ளே விட்டுச் சுற்றிக்காட்டுவார்கள். எனக்குக் காகிதத் தொப்பியும் பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தார்கள். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் நடந்தோம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கற்றையைக் கட்டிக்காட்டச் சொன்னார் அந்த என்ஜினியர். "உங்க அம்மா, அத்தையெல்லாம் எவ்ளோ வேகம்னு பாருங்க" என்று எங்களிடம் சிரித்துவிட்டு வாட்சை அழுத்தினார். சொந்தப் பிள்ளைகள் பார்க்கும்போது மெதுவாக வேலை செய்ய யாருக்கு மனசு வரும்? கெட்டிக்காரர்தான்.

பக்கத்து மேசை எண்பத்தெட்டில் முடித்தது. அந்த மேசைப் பையன் ஒருவன் விசிலடித்தான். அடுத்து எங்கள் மேசை. அத்தை ஒயரைச் சுற்றினாள், டேப்பை எடுக்கத் திரும்பினாள், மறுபடி எதற்கோ திரும்பினாள். அக்கா தொப்பியைச் சரிசெய்தாள். தொண்ணூற்றாறு. விசிலடித்தவன் என்னைப் பார்த்து இளித்தான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று வாயைத் திறந்த நுணல் நான், கெட இருந்தது பாவம் வேறொருத்தி. "எங்க அத்தைக்கு இத்தவிட வேகமா தெரியும். அவங்க எப்பவும் கொஞ்சம் கையில வெச்சுக்கினுதான் காட்டுவாங்க" என்று மேசை அதிரக் கத்திவிட்டேன்.

எட்டுப் பெண்களும் அப்படியே நின்றார்கள். என்ஜினியர் என்னிடம் குனிந்து, "என்ன வச்சிருப்பாங்க?" என்றார்.

"அது போன்ல வெளாடுத வெளாட்டு சார். சின்னப் புள்ள, அதத்தான் சொல்லுதா" என்று அக்கா முந்திக்கொண்டாள். அவள் கண்ணைக் காட்டியது புரியாமல், குடும்ப நாளில் படம் எடுக்க அக்கா என்னிடம் கொடுத்து வைத்திருந்த அந்தப் போனையே பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தவளும் நான்தான்.

அவர் நின்றபடியே ஆட ஆரம்பித்தார். இரண்டு முறை பெட்டியை மூலையில் மாட்டினார். "சார், சும்மா நடக்கறீங்க" என்று யாரோ சொல்ல, மேசையே சிரித்துவிட்டது. அவரும் சிரித்தார். எண்பத்து மூன்றுக்குக் கீழே அவரால் வர முடியவில்லை. பிறகு நாங்கள் ஆடியவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தார். எழுபத்து மூன்று, அறுபத்தொன்பது, அறுபத்தைந்து.

"இவன் எதுக்கு நடுவுல சமையல் ரூமுக்குப் போறான்?"

"தண்ணி குடிக்க" என்றேன்.

அவர் போனைப் பார்த்தார். மேசைமேல் இருந்த டேப்பைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையில எவ்ளோம்மா?" என்றார்.

"அறுபத்தஞ்சு சார். அதுக்குக் கீழ எங்களால ஆவாது."

"ம். மனுஷன்னா தண்ணி குடிக்கணும்ல."

"குடிக்கணும் சார்."

அட்டையில் தொண்ணூற்றாறு, எட்டுப் பேர் என்று எழுதி, அடிக்கோடிட்டு, அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தை என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, தன் பிஸ்கட் பாக்கெட்டையும் எனக்கே கொடுத்தாள். குட்டுக்கும் காரணம் தெரியவில்லை, பிஸ்கட்டுக்கும் தெரியவில்லை. தின்றேன்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டை ஒரு புது ஆள் வந்து ஆடியிருந்தார். படம் கிடையாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 96 என்று எண் மட்டும் இருந்தது. அறுபத்து மூன்றில் முடித்திருந்தார். ஓடவிட்டுப் பார்த்தேன். கை சும்மா திரும்பாமல் அழகாகத் தள்ளிக்கொண்டே போனவர், நடுவில் மூன்று முறை சமையலறைக்குள் ஓரடி வைத்துத் திரும்பினார்.

காட்டியதும் அத்தை போனை வாங்கிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். மாடியிலிருந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அக்காவும் சிரித்தாள், துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒருதரம் ஓடவிட்டுப் பார்த்தாள். இன்னா விஷயம் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, நீ ஆடு" என்றார்கள்.

தொண்ணூற்றாறில் பிறந்தவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு கெட்டிக்காரர், அந்த மூன்று இடத்தில் மட்டும் வீணாக நடந்து கோட்டைவிட்டாரே என்று எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. அவருக்குப் புரியட்டும் என்று, அறுபத்தொன்றில் முடித்துப் போட்டேன்.