மண்ணெண்ணெய்க் காரில் போன கலியாணக் கேக்

எங்கள் காருக்கு இரண்டு தாங்கிகள். பின்னால் இருக்கும் பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் அளவே கொள்ளும் சின்னத் தாங்கியில் பெற்றோல். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் ஒரு திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சண்டைக் காலத்தில் பெற்றோலைக் கண்ணால் காண முடியாமல் இருந்தபோது வன்னியில் பல கார்கள் இப்படித்தான் ஓடின. சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் என் கணவர் அந்த ஏற்பாட்டைக் கழற்றவில்லை. யாராவது கேட்டால் மண்ணெண்ணெய் மலிவு என்பார். உண்மை என்னவென்றால், அந்தத் திருகைத் திருப்பும்போது அவருக்கு ஒரு பெருமை.

நான் செய்த முதல் கலியாணக் கேக் இந்தக் காரில்தான் போகவேண்டி வந்தது. புளியங்குளத்தில் எங்கள் வீடு, நெளுக்குளத்தில் மண்டபம். மூன்று தட்டுக் கேக், வெள்ளை பட்டர் ஐசிங், மேல்தட்டில் ஐசிங்கிலேயே செய்த ரோசாப்பூக்கள். அதுவரை நான் பிறந்தநாள் கேக்குகள் மட்டும்தான் செய்து கொடுத்திருந்தேன். இது சரிவந்தால் வவுனியாப் பக்கமிருந்து கேக் ஓடர் வரும். சரிவராவிட்டால் நான் மறுபடி கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

மாமிக்கு, அதாவது என் கணவரின் தாய்க்கு, என் கேக் வேலை துளியும் பிடிக்காது. அவர் சுத்த சைவம். முட்டை சேர்ப்பதால் என் கேக் அடுப்பைக் குசினிக்குள் வரவிடாமல் பின் கொட்டிலுக்குத் தள்ளியவர் அவர்தான். “இந்த வெயிலுக்குள்ளை ஆர் பிள்ளை கேக் தின்னப் போகினம்?” என்று கிழமைக்கு ஒரு தடவையாவது கேட்பார். அன்றைக்குக் கலியாணத்துக்கு அவருக்கும் சொல்லியிருந்ததால், என் கணவர் கார் ஓட்ட, பின் சீற்றில் கேக் பெட்டிக்கு ஒரு பக்கம் மாமி, மறுபக்கம் நான்.

ஓமந்தைக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது கார் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது. மத்தியான வெயில். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது.

“இஞ்சேருங்கோ, ஐசிங் உருகப் போகுது!”

“கொஞ்சம் பொறும்,” என்று இவர் இறங்கி பொனற்றைத் திறந்தார். திருகைப் பெற்றோலுக்கு மாற்றினார். கார் உடனே ஸ்டார்ட் ஆனது. இவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“பெற்றோலிலை ஓடுதெண்டால் பம்பும் சரி, காபரேற்றரும் சரி. பிழை பின்தாங்கிப் பக்கந்தான். ஊத்தை அடைச்சிருக்கும்.”

எண்ணெயை வடிகட்டுகிற வடியைக் கழற்றிப் பார்த்தார். கண்ணாடி போல் சுத்தமாக இருந்தது. குழாயை வாயால் ஊதினார். அதுவும் சுத்தம். மறுபடி மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் கார் ஒன்றும் நடக்காதது போல ஓடியது. நான் கடவுளுக்கு நன்றி சொல்லி முடிக்கவில்லை, ஓமந்தை தாண்டியதும் அதே விக்கல், அதே நிற்பு. சின்னத் தாங்கியில் பெற்றோலும் முடிகிற நிலை. பெட்டியை மெல்லத் திறந்து பார்த்தேன். மேல்தட்டில் ஒரு ரோசாப்பூ சாய்ந்திருந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இவர் குனிந்து மறுபடி வடியைக் கழற்றப் போனார். எனக்கு ஒன்று இடித்தது. ஊத்தை அடைத்தால் அடைத்தபடியே அல்லவா இருக்கும்? இது நின்று இளைப்பாறினால் சரியாகிறது, ஓடினால் மூச்சு முட்டுகிறது. கேக்குக்கு ரின்பால் ஊற்றும்போது அந்தத் தகர ரின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் பால் சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிடும். மற்றப் பக்கம் காற்றுப் போக இன்னொரு ஓட்டை வேண்டும்.

“தாங்கி மூடியிலை காத்துப் போற ஓட்டை ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டேன்.

“இருக்கு. ஊசி முனையளவு,” என்றவர் அப்படியே நிமிர்ந்தார்.

இருவரும் பின்னால் ஓடினோம். தாங்கி மூடியின் மேல் ஒரு பிளாஸ்ரிக் சொப்பிங் பை. அதைச் சுற்றி சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி இறுக்கிக் கட்டியிருந்தது. ஒரு எறும்பு நுழைய வழியில்லை.

“ஆர் பாத்த வேலை இது?” என்று இவர் கத்தினார்.

மாமி காரை விட்டு இறங்கி வந்தார்.

“கத்தாதை தம்பி. நான்தான் விடியக் கட்டினனான். மண்ணெண்ணெய் மணம் கேக்கிலை பிடிச்சால் பிள்ளைக்குப் பிறகு ஆர் ஓடர் குடுப்பினம்?”

நான் திட்டுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். ஆனால் இந்த மனிசி எனக்காக விடியற்காலையில் ரியூப் வெட்டியிருக்கிறார்!

“நான் கட்டினதை நானே அவிழ்க்கிறன்,” என்று மாமி கீலத்தை உருவினார். மூடி ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைச் சுற்றிக் கசிந்திருந்த மண்ணெண்ணெயைத் துடைக்கத் துணி தேடினோம், கிடைக்கவில்லை. மாமி தன் பட்டுச்சேலைத் தலைப்பாலேயே துடைத்துவிட்டார். பிறகு கேக்குக்குப் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்று முன் சீற்றுக்குப் போய்விட்டார். கார் அதற்குப் பிறகு எங்கும் நிற்கவில்லை.

மண்டபத்தில் சாய்ந்த ரோசாப்பூவைக் கத்தி முனையால் நிமிர்த்தி வைத்தேன். கலியாணப் பொம்பிளையின் தாய் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கேக்கை மோந்தார், முகம் மலர்ந்தது. மாமியின் பக்கம் திரும்பியதும் அவருடைய மூக்குச் சுருங்கியது.

“என்னம்மா, மண்ணெண்ணெய் மணக்குது? அடுப்படியிலை நிண்டுபோட்டு வாறியளோ?”

மாமி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

“ஓம் பிள்ளை,” என்றார், பிறந்த நாள் முதல் முட்டையைக் கையால் தொடாத என் மாமி. “இந்தக் கேக்குக்கு முட்டை அடிச்சுக் குடுத்தது நான்தானே.”