பாகற்காய் இல்லாத பை

எங்கள் உழவர் சந்தையில் காய்களைப் பையில் போட்டு வாராவாரம் வீடுகளுக்கே கொடுக்கத் தொடங்கினார்கள். ஸ்கூட்டரும் வெட்டிப் பொழுதும் வைத்திருந்த எனக்குத் தாராசுரம் பக்கம் பை கொண்டுபோகும் வேலை கிடைத்தது.

அங்கே பை வாங்கும் ஸ்டெல்லா அக்காவின் கணவர் இறந்த மறுமாதம், அக்காவின் பையிலிருந்து பாகற்காயை நானே எடுத்துவிட்டேன். அந்த வீட்டில் அதைச் சாப்பிட்டவர் கணவர் மட்டும்தான். என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டு பையை நீட்டினேன்.

அக்கா உள்ளே கைவிட்டுத் துழாவினார். “பாவக்கா எங்க தம்பி?”

“நீங்கதான் சாப்பிட மாட்டீங்களேக்கா.”

“அவரு சாப்பிடுவாருல்ல?” என்றவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “வேணாம்னு நானே சொல்லியிருப்பேன் தம்பி. கொஞ்ச நாள் போகட்டுமேன்னு இருந்தேன்.”

இப்போதெல்லாம் யார் பையிலிருந்தும் நானாக எதையும் எடுப்பதில்லை. அக்கா வீட்டுக்குப் பாகற்காய் போய்க்கொண்டிருக்கிறது. அவர் இன்னும் வேண்டாமென்று சொல்லவில்லை.