கூறு போட்ட கடிகாரம்

ராயபுரம் கடற்கரையில் மீன் ஏலம் விட அங்கம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அவளிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்கி வயிறெரிந்தவர்கள், ஆகவே நம்பலாம். கட்டுமரம் கரை தட்டி, வலையை உதறி, மீனை மணலில் கொட்டுவதற்குள் அவள் கண் விலையை முடிவு செய்துவிடும். வாங்குகிறவர்கள் சுற்றி வட்டமாக நிற்பார்கள். நடுவில் நின்று அவள் ஒரு தொகையைச் சொல்லி இழுப்பாள். ஒருவன் ஏற்றுவான். அவன் மூஞ்சியைப் பிடிக்காத இன்னொருவன் வீம்புக்கு ஏற்றுவான். கடைசியில் அங்கம்மா மனசில் நினைத்த இடத்துக்கே வந்து நிற்கும்.

மீன் விஷயத்தில் அவளுக்குக் குழப்பம் என்பதே வந்ததில்லை. அப்படிப்பட்டவளை உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சாமான் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது. நாடு சுதந்திரம் வாங்கிய மறு வருஷம் அது.

முந்தின மழைக்காலத்துப் புயல் அவள் புருஷன் மாரியப்பனின் கட்டுமரத்தைப் பாறையில் அடித்துச் சிதறடித்திருந்தது. வலையும் போயிற்று. வேறு வழியில்லாமல் அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். கடலில் சிங்கம் மாதிரி நின்றவன் கிடங்கில் குனிந்து நடந்தான். வீட்டுக்கு வந்தால் பேச்சு கிடையாது. விடியுமுன் பழக்கத்தில் எழுந்துகொண்டு மற்றவர்களின் மரங்கள் அலையைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். ஆளே உள்ளுக்குள் வற்றிக்கொண்டு வந்தான். அதைப் பார்க்க அங்கம்மாவுக்குச் சகிக்கவில்லை. எப்படியாவது அவனை மறுபடி கடலில் இறக்கிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நாலு மரம் சேர்த்துக் கட்டினால் ஒரு கட்டுமரம். மர வியாபாரி பொங்கல் வரை எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் ரோசி துரைசானி சீமைக்குக் கப்பலேறினாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரம்மா. அங்கம்மாவிடம்தான் வருஷக்கணக்காக மீன் வாங்கினாள். இரண்டு பேரும் மீன் பேசுவதைவிட ஊர்க்கதை பேசியதே அதிகம். புறப்படும் அன்று ஒரு வெல்வெட் டப்பாவை அங்கம்மாவின் கையில் வைத்து அழுத்தினாள். உள்ளே சங்கிலி கோத்த தங்கப் பாக்கெட் கடிகாரம். அவளுடைய அப்பா கப்பல் கேப்டனாக இருந்தபோது வாங்கியது. பக்கத்தில் இருந்த பொத்தானைத் தள்ளினால் எத்தனை மணியோ அத்தனை தடவை உள்ளிருந்து சின்னதாக மணி அடித்தது.

"இதை வித்து உன் மாரியப்பனுக்கு மரம் வாங்கு. நல்லா விசாரிச்சு விக்கணும். அவசரப்படாதே," என்றாள் ரோசி.

அங்கம்மாவுக்குத் தெரிந்த வியாபாரத்தில் விசாரிக்க நேரமே கிடையாது. வெயில் ஏறினால் விலை இறங்கும். இருந்தாலும் துரைசானி சொன்ன சொல்லுக்காக விசாரிக்கக் கிளம்பினாள். கிளம்புமுன் கடிகாரத்தைப் புளி போட்டு அழுத்தித் தேய்த்தாள். டப்பாவில் புகையிலையைப் போட்டு இடுப்பில் செருகினாள். இரண்டும் தப்பு என்று அப்போது அவளுக்கு யார் சொல்வார்கள்?

முதலில் மாதா கோயில் தெரு முனையில் அடகுக்கடை சேட்டிடம் போனாள். சேட்டு அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர், மெட்ராஸ் பாஷை அவளைவிட நன்றாகப் பேசுவார்.

"இதுல தங்கம் இந்த ஓடு மட்டும்தான். உள்ள கீற பித்தளையும் இரும்பும் எனக்கு வாணாம். ஓட்டை நிறுத்துத் துட்டு தரேன்," என்றார். சங்கிலியையும் கடித்துப் பார்த்து முலாம் என்று ஒதுக்கினார்.

"அப்போ உள்ள ஓடிகினு கீதே, அதுக்கு?"

"அது ஓடினா இன்னா, நின்னா இன்னா? தராசுக்குத் தெரியுமா?"

அவர் சொன்ன தொகையில் இரண்டு மரம் வரும். அங்கம்மா அந்நாட்களில் எல்லாவற்றையும் மரமாகத்தான் கணக்குப் பார்த்தாள். ரெண்டு மரத்தைக் கட்டி எந்தக் கடலுக்குப் போவது? கடிகாரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

அடுத்தது வேதமாணிக்கத்தின் கடை. கடை என்றால் கண்ணாடிப் பெட்டி ஒன்று, ஸ்டூல் ஒன்று. கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு கடிகாரத்தின் முதுகைத் திறந்தவன் அதை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சேட்டு கெடக்குறாரு. தங்கம் மேல்சட்டை. உயிரு உள்ள கீது. கல்லு வச்ச மெஷினு அங்கம்மா."

"இன்னா கல்லு?"

"மாணிக்கம்."

அங்கம்மா கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்தாள். மாணிக்கமா! ஒரு கல்லை எடுத்து விற்றால் போதாதா?

"கடுகு சைஸ் கல்லு. சக்கரம் தேயாம சுத்துறதுக்கு வச்சது. பேத்து வித்தா ஒரு டீக்குக் கூட ஆவாது."

"மாணிக்கம்ன்றே, டீக்கு ஆவாதுன்றே. எது நெஜம்?"

"ரெண்டும் நெஜம்தான்," என்றான் வேதமாணிக்கம். பிறகு ஓட்டைத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தான். "இத இன்னா பண்ணே? புளி போட்டுத் தேச்சியா? எழுத்தெல்லாம் மங்கிகினு போயிருக்கு. பழசு பழசாவே இருந்தாத்தான் வெல. டப்பா குடுத்தாங்களா?"

"அதுலதான் பொகையில வச்சிகினு கீறேன்."

"ஐயையோ, அதுக்கும் தனி வெல உண்டு!"

அங்கம்மா தலையில் கை வைத்தாள். மீன் கண் மங்கினால் விலை போச்சு. இங்கே மங்கலாக இருந்தால்தான் விலையாம். அவள் பிறந்ததிலிருந்து கூடைக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. இங்கே காலி டப்பாவுக்குத் துட்டாம். இது என்ன வியாபாரம் என்றே புரியவில்லை.

முழுதாக வாங்க வேதமாணிக்கத்திடம் பணம் இல்லை. மெஷினுக்கு மட்டும் ஒரு மரத்து விலை தருவதாகச் சொன்னான். "இந்த மாதிரி மணியடிக்கிறத நான் கையில எடுத்ததே இல்ல. முழுசுக்கு இன்னா பெறும்னு எனக்கே தெரியல. மவுண்ட் ரோட்டுல பெரிய கடைங்க கீது, போய்ப் பாரேன்," என்றான்.

போனாள். உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்த மனிதர் கடிகாரத்தைக் கையில் வாங்குமுன் கேட்ட முதல் கேள்வி, "இது உன் கைக்கு எப்படி வந்துச்சு?" என்பது. இரண்டாவது கேள்வியில் போலீஸ் வந்தது. அங்கம்மா பதில் சொல்ல நிற்கவில்லை. ஓடிப்போய் டிராம் ஏறினாள். ஊரையே அதட்டி ஏலம் விடுகிறவள் அன்று அவமானத்தில் வண்டியிலேயே அழுதாள்.

கடைசியாக மண்டிக்காரர் தவசிமுத்து நாடாரிடம் போனாள். தெற்கேயிருந்து வந்து கருப்பட்டி வியாபாரத்தில் காசு பார்த்தவர், அவளுடைய நாள்பட்ட வாடிக்கை. அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு, நல்லாத்தான் ஓடுது. இன்னொண்ணை வச்சு நான் என்னம்மா செய்யப் போறேன்? ஆனா அந்தச் சங்கிலி இருக்கே, அதை மட்டும் தாரதுன்னா சொல்லு. தேவாலயத்துக்குக் கோட்டு போட்டுப் போகையில தொங்கவிட நல்லாயிருக்கும்."

"சேட்டு அது முலாம்ன்றாரே, ஐயா?"

"தூரத்துல நிக்கவனுக்குத் தெரியவா போகுது?"

அதற்கு அவர் சொன்னது இன்னொரு மரத்து விலை. தங்க ஓட்டுக்கு ரெண்டு மரம், தங்கமே இல்லாத சங்கிலிக்கு ஒரு மரம். அங்கம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வீட்டில் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் மாரியப்பன் கேட்டான்.

"இன்னாமே, மெர்சலாயி குந்திகினு கீறே?"

"ஒருத்தனுக்கு வேண்டியது இன்னொருத்தனுக்குக் குப்பையா கீதுயா. இதுக்கு இன்னாதான் வெல? எனக்கே பைத்தியம் புடிக்குது."

"வுடு. எனக்கு மூட்டையே போதும்," என்று அவன் திரும்பிப் படுத்தான். போதும் என்று அவன் சொன்ன குரலே அவளைக் குத்தியது.

மறுநாள் கரையில் ஒரு பெரிய சுறா வந்தது. முழுதாக வாங்க யாருக்கும் வக்கில்லை. அங்கம்மா அரிவாளை எடுத்து அறுத்துக் கூறு போட்டாள். தலை கஞ்சிக்கடைக்காரிக்கு, நடுத்துண்டு ஓட்டலுக்கு, ஈரல் எண்ணெய் காய்ச்சுகிறவனுக்கு. எல்லாம் விற்றுக் கை கழுவும்போது சட்டென்று பொறி தட்டியது. அடச்சே, இவ்வளவுதானா! ஓடு ரெண்டு மரம், மெஷின் ஒரு மரம், சங்கிலி ஒரு மரம். கூட்டினால் நாலு! இதற்குப் போய் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேனே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு வேதமாணிக்கத்திடம் ஓடினாள்.

அவன் தயங்கினான். "முழுசா வித்துடு அங்கம்மா. பிரிச்சா பிரிச்சதுதான்."

"முழுசா வாங்குறவனைக் காட்டு."

அவன் ஒருமுறை பொத்தானைத் தள்ளி மணியைக் கேட்டுவிட்டு, திருகாணிகளைக் கழற்றினான். ஓடு தனியே வந்தது. உருவியெடுத்த மெஷின் கண்ணாடிப் பெட்டிமேல் டிக் டிக்கென்று ஓடியது. ஆனால் மணி அடிக்கவில்லை. அதைத் தள்ளிவிடுகிற பொத்தான் ஓட்டோடு போயிருந்தது. மீனைக் கூறு போட்டால் இப்படி எதுவும் காணாமல் போகாதே என்று அங்கம்மாவுக்கு ஒரு கணம் திக்கென்றது. பிறகு நாலு மரத்தை நினைத்துக்கொண்டு ஓட்டை முந்தானையில் முடிந்தாள்.

பொங்கலுக்கு முன்பே கட்டுமரம் வந்துவிட்டது. மாரியப்பன் அதைத் தடவித் தடவிப் பார்த்தான். மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டி, அலையில் இறக்கியபோது சிறுபிள்ளை போலக் கத்திச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு அங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வலை வாங்கத்தான் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் மாரியப்பன் ரகுபதி என்பவனின் வலையை இரவல் வாங்கிப் போனான். கடற்கரை வழக்கப்படி வலைக்கென்று ஒரு பங்கு உண்டு. பிடித்து வருவதில் வலைப்பங்கு முதலில் ரகுபதிக்குப் போய்விடும்.

சில நாள் கழித்து வேதமாணிக்கம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓடி வந்தான்.

"அங்கம்மா, அந்தத் தங்க ஓட்ட சேட்டு இன்னா பண்ணாரு? துறைமுகத்துக்கு வந்த கப்பல் இன்ஜினியர் ஒருத்தரு என் கடைக்கு வந்தாரு. மெஷினைப் பார்த்து அப்படியே நின்னுட்டாரு. ஓட்டுலயும் மெஷின்லயும் ஒரே நம்பர் போட்டிருக்குமாம். ரெண்டும் சேர்ந்து, மணியும் அடிச்சிதுன்னா அவர் தரேன்னு சொன்ன துட்டுக்கு மரமும் வாங்கலாம், வலையும் வாங்கலாம், உன் வூட்டுக்கு ஓடும் போட்டுக்கலாம்!"

இரண்டு பேரும் சேட்டிடம் ஓடினார்கள். சேட்டு பெட்டியைத் திறந்து சுண்டுவிரல் அளவு மஞ்சள் கட்டி ஒன்றைக் காட்டினார்.

"உருக்கிட்டேனே. சொல்லக் கூடாதா?" என்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. தவசிமுத்து சங்கிலியைத் தயங்காமல் திருப்பித் தருகிறேன் என்றார். அதை வைத்து என்ன செய்ய? அங்கம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வழியெல்லாம் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். சேட்டும் பொய் சொல்லவில்லை, வேதமாணிக்கமும் பொய் சொல்லவில்லை, நாடாரும் பொய் சொல்லவில்லை. அப்புறம் என்னதான் தப்பாகப் போயிற்று?

மறுநாள் காலை மாரியப்பனின் மரம் நல்ல வஞ்சிரத்தோடு கரை தட்டியது. மீன் மணலில் விழுந்தது. ரகுபதி வந்து தன் வலைப்பங்கை, அதுவும் பெரிய மீன்களாகப் பார்த்து, எடுத்து ஒதுக்கிக்கொண்டான். மாரியப்பன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான். மிச்சத்தைச் சுற்றி ஆட்கள் வட்டமாக வந்து நின்றார்கள். ஓட்டல்காரன் கஞ்சிக்கடைக்காரியை முறைத்தான். அவள் அவனை முறைத்தாள். ஒருவருக்கு வேண்டும் என்று தெரிந்தாலே இன்னொருவருக்கும் வேண்டும் என்று ஆகிவிடுகிறது. அங்கம்மா வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சேட்டு, வேதமாணிக்கம், நாடார். அவர்கள் மூன்று பேரையும் அவள் ஒரு தடவைகூட ஒரே இடத்தில் நிற்க வைக்கவில்லை. ஒவ்வொருவர் வாசலிலும் போய்த் தனித்தனியாக, இன்னா தரே, இன்னா தரே என்று கேட்டிருக்கிறாள். ஊர் மீனுக்கெல்லாம் வட்டம் கூட்டத் தெரிந்தவளுக்குத் தன் கையில் இருந்த பொருளுக்கு வட்டம் கூட்டத் தோன்றவில்லை.

"இன்னா அங்கம்மா, வெயில் ஏறுது. வெல சொல்லு," என்றான் ஓட்டல்காரன்.

இத்தனை வருஷம் தன் கண் முடிவு செய்ததாக நினைத்த விலையைச் செய்தது இந்த வட்டம்தானோ? கண்ணுக்கு எதிரே கிடந்த மீனின் விலை, வாழ்நாளில் முதல் தடவையாக, அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்களே சொல்லுங்கபா," என்று சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தாள்.