ரூட் இரண்டுக்கு முடிவு தேடியவள்

போன ஆடியில், ராசிபுரம் பக்கம் என் மகள் தங்கிப் படித்த பள்ளியின் விடுதிக் காப்பாளர் போன் செய்தார்.

"ஏனுங்க, உங்க புள்ள சோத்துக்கே வரமாட்டேங்குதுங்க. தூங்கு சாமின்னா, 'இன்னும் வரலீங்கக்கா, இதா வந்துரும்'ங்குது. என்ன வரோணும்னு எனக்குத் தெரியலீங்க."

ஓமலூரிலிருந்து பஸ் பிடித்து ஓடினேன். வராந்தாவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. சுற்றிலும் தாள்கள். எல்லாவற்றிலும் இரண்டின் வர்க்கமூலம், நீள் வகுத்தலில், இலக்கம் இலக்கமாக.

ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான். பின்னமாக எழுத முடிகிற விகிதமுறு எண்ணின் தசமம் எங்காவது முடிந்துவிடும், இல்லையென்றால் அதே இலக்கங்கள் சுழன்று வரும். விகிதமுறா எண்ணில் இரண்டும் நடக்காது.

"சார் பத்து எடத்தோட நிறுத்திட்டாரும்மா. அப்பறமும் சுத்தி வராதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? போய்ப் பாத்தாரா?"

நான் கணிதம் படித்தவள். பதில் தெரியும் என்ற தெம்பில் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரூட் இரண்டைப் பின்னமாக எழுத முடியும் என்று வைத்துக்கொண்டால், முழுதும் சுருக்கிய பிறகும் மேலும் கீழும் இரட்டை எண்ணாகவே நிற்கும். இரண்டும் இரட்டை என்றால் இன்னும் சுருக்கலாமே; ஆக அப்படி ஒரு பின்னம் இருக்க முடியாது. பின்னமாகாத எண்ணின் தசமம் சுழலாது என்று சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"புரிஞ்சுருச்சும்மா," என்று பென்சிலை மறுபடி எடுத்தாள்.

"அப்பறம் எதுக்குச் சாமி?"

"புரியுது. நிறுத்த முடியல."

ஏதாவது பேச வேண்டுமே என்று தரையைக் காட்டினேன்.

"இந்த டைல்ஸ் ஓரடிக்கு ஓரடி. மூலைக்கு மூலை கோடு போட்டா ரூட் டூ அடி."

விரலால் இழுத்துப் பார்த்தாள். "இங்க முடிஞ்சுருச்சே?"

"ஆமா. அந்த எண்ணு முழுசா இங்கயே இருக்குது. நாம எழுதறதுதான் முடியாது."

"அப்ப பாதியில விட்டாத் தப்பில்லையா?"

"யாரு எழுதினாலும் பாதியிலதான் விடோணும் சாமி."

பென்சிலை என்னிடம் கொடுத்தாள்.

அன்றே கூட்டி வந்துவிட்டேன். பஸ்ஸில் அவள் விரல் மடியில் எழுதிக்கொண்டே வந்தது. பார்க்காதவள்போல அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது மருத்துவரிடம் போய்வருகிறோம். சாப்பிடுகிறாள், உள்ளூர்ப் பள்ளிக்குப் போகிறாள். "வீட்டுக்கணக்கு முடிச்சிட்டியா?" என்று மட்டும் நான் கேட்பதில்லை.