தொடாத கைக்கு என்ன கைராசி?

டாக்டர் ஐயா, நீங்கள் சொல்வது பொய்.

என் தங்கை புருஷன் சின்னப்பனின் நோயைக் கண்டுபிடித்தது நீங்கள் இல்லை. போன வாரம் உங்கள் கிளினிக் வாசலில் நின்றேன். உள்ளே யாரிடமோ பெருமை அடித்துக்கொண்டிருந்தீர்கள் — "நம்ம கைதான்யா கண்டுபுடிச்சு மெட்ராஸுக்கு அனுப்புச்சு!"

எந்தக் கை?

வாசகர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சின்னப்பன் அரூர் பக்கம் மரவள்ளி போடுகிற ஆள். வாயில் பீடி அணையாது. போன வருஷம் கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அது போதாதென்று வயிற்றில் ஒரு துடிப்பு. இந்த டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

"படுத்துக்கிட்டு டிரான்சிஸ்டரை வயித்து மேல வெச்சுப் பாட்டு கேப்பனுங்க. அது குதிக்குதுங்க சார்."

"பாட்டுக்கு ஆடுதோ என்னமோ!" என்றார் டாக்டர். கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "கேஸ்யா, வெறும் வாயு. கெழங்கைக் கொறை."

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு ஊசி. அவ்வளவுதான். படுக்க வைத்துப் பார்க்கவில்லை. எங்கே படுக்க வைப்பார்? நோயாளி படுக்கிற கட்டில் மேல்தான் கம்பெனிக்காரர்கள் கொடுத்த சாம்பிள் மருந்துப் பெட்டிகள் கூரையைத் தொடுகின்றனவே!

நம் ஜனங்களுக்கும் வெட்கம் இல்லை. தொட்டுப் பார்த்து, நாலு கேள்வி கேட்டால் 'ஒண்ணும் தெரியாத டாக்டர்'. மூஞ்சியைப் பார்த்ததுமே ஊசியை எடுத்தால் 'கைராசிக்காரர்'. சின்னப்பனும் இந்த ரகம்தான். முதுகு வரைக்கும் வலி வந்த பிறகும், "அவரு ஊசியே போதுங்க மச்சான்" என்றான்.

"மாப்ளே, நீயா பஸ்ஸுல ஏறுறியா, தூக்கிப் போடட்டுமா?"

சேலத்தில் ஒரு டாக்டரம்மா. படுக்கச் சொன்னார். வயிற்றில் கை வைத்தார். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்... பேச்சைப் பாதியில் விட்டு, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. வெடித்தால் ஆள் காலி. மெட்ராஸில் அதை எக்ஸ்ரே படம் எடுக்கத் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள் — போகவில்லை. பீடி செய்த வேலை. கால் ரத்தக்குழாய்கள் அவ்வளவு சுருங்கிக் கிடந்தன. முதுகில் ஊசி குத்தித்தான் படம் எடுத்தார்கள். பிறகு வயிற்றைத் திறந்து, வீங்கிய இடத்தில் துணியால் ஆன குழாயை வைத்துத் தைத்தார்கள். பிழைப்பானா மாட்டானா என்று என் தங்கை வராந்தாவில் ஜெபமாலையோடு கிடந்தாள்.

பிழைத்தான். கண் விழித்ததும் கேட்டது என்ன தெரியுமா? "ஒரு பீடி இருக்குங்களா மச்சான்?" தையல் இருந்ததால் உதைக்காமல் விட்டேன்.

இப்போது அந்த உயிருக்கு நீங்கள் சொந்தம் கொண்டாடுகிறீர்கள். அதைக் கேட்டு உங்கள் வாசலில் கூட்டம் கூடிப்போயிற்று. எட்டிப் பார்த்தேன். கட்டில் மேல் பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. அதே ஸ்டூலில் வேறொருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஒரே ஒரு கேள்வி ஐயா. சின்னப்பன் வயிற்றில் துடித்தது தொப்புளுக்கு மேலா, கீழா? இடமா, வலமா? கை வைத்தவருக்கு மறக்காது.

இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.